ஏலமலையில் கிராம சபை

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சாந்தன்பாறை ஊராட்சியில், தமிழ்த் தொழிலாளர்களும் மலையாளக் குடியேற்ற விவசாயிகளும் பழங்குடியினரும் ஒரே உள்ளாட்சியின் கீழ் வாழ்கின்றனர். 1996 ஆகஸ்டில் கேரளம் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, செலவின் முன்னுரிமையைக் கிராம சபையில், அதாவது ஒரு வார்டின் வாக்காளர் அனைவரும் கூடும் அவையில், விவாதிக்கச் செய்தது. 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டப்படி, இந்த அவை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கூட்டம் செல்லுபடியாக வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்திருக்க வேண்டும். வீடு, கழிப்பறை போன்ற உதவிகளுக்கான பயனாளிகளின் முன்னுரிமைப் பட்டியலும் இங்கேதான் உருவாகிறது.

சட்டம் கதவைத் திறந்துவைத்தாலும், வேலைநாளில் கூட்டம் வைத்தால் தினக்கூலிக்குச் செல்பவர் கூலியை இழந்தே வரவேண்டும் என்பதும், நடவடிக்கைகள் மலையாளத்தில் மட்டும் நடந்தால் லயத்துத் தமிழர், அதாவது எஸ்டேட் வரிசைவீடுகளில் வாழ்வோர், வந்தும் வாய்பேசாதிருக்க நேரும் என்பதும் சிறிய தடைகள் அல்ல. தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியிருப்பதால், கிராம சபை அறிவிப்பையும் தமிழில் கேட்பது சலுகை கோருவது ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு முன்பே அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.