மடை திறந்தவனுக்கு மாலை எங்கே?

செப்டம்பர் மாதத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த மாதத்தின் பெயரே ஒரு பொய்! இலத்தீனில் அதற்கு ஏழாம் மாதம் என்று பொருள். நம் கையில் இருக்கும் நாட்காட்டியிலோ அது ஒன்பதாவது. ரோமானியர்கள் மார்ச்சில் ஆண்டைத் தொடங்கினார்கள். தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்த பிறகும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அது போகட்டும். 1752இல் பிரிட்டனில் செப்டம்பர் 2ஆம் தேதி இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்தபோது தேதி 14. நடுவே பதினொரு நாள் காணோம்! பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியபோது சட்டம் போட்டே அந்த நாட்களை விழுங்கிவிட்டார்கள். ஆக, தேதி என்பது மனிதர்கள் கூடி எழுதி வைத்துக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கில் யார் பெயரை எழுதினோம், யார் பெயரை விட்டுவிட்டோம் என்பதுதான் இன்று இந்த மேடையில் என் வழக்கு.

எழுதி வைத்த பெயர்களை முதலில் பார்ப்போம். நம் தமிழ்நாட்டுக்கு இது மாலைகளின் மாதம். 5ஆம் தேதி ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சி.க்கு, அதே நாளில் 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கு. 11ஆம் தேதி பாரதி நினைவு நாள். நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் 11ஆ, 12ஆ என்று இன்றும் வழக்காடுகிறோம். 1921இல் அந்த உடலுக்குப் பின்னால் நடந்தது விரல்விட்டு எண்ணும் கூட்டம். இன்று தேதிக்காக வாதாடுகிறவர்களின் கூட்டம் அதைவிடப் பெரிது! 15ஆம் தேதி அண்ணா. 16ஆம் தேதி எம்.எஸ். சுப்புலட்சுமி. 17ஆம் தேதி பெரியார். அந்த 17ஆம் தேதியின் குறும்பைக் கவனித்தீர்களா? பெரும்பாலான ஆண்டுகளில் புரட்டாசி பிறப்பதும் அன்றுதான். ஒரே காலையில் ஒரு வீட்டில் கறுப்புச் சட்டை, அடுத்த வீட்டில் நாமம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சண்டை இல்லை பாருங்கள், அதுதான் தமிழ்நாடு! (கைதட்டல்) தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் கைதட்டச் சொல்லும் ஆளின் பெயர் இன்னும் வரவில்லை. கடைசி வரை வரப்போவதும் இல்லை.

மேல்நாட்டார் இந்த மாதத்தை இலையுதிர் காலத்தின் வாசல் என்பார்கள். நமக்கு இலை உதிர்வதா கணக்கு? ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று ஆண்டை ஆறாகப் பகுத்தவர்கள் நாம். வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம், ஏனென்றால் வானத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதி வாக்கில் தொடங்கும். ஆண்டு முழுக்க நமக்குக் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி அந்த இரண்டரை மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் முளைத்திருந்தால் ஏரிக்குத் தண்ணீர் வராது. உபரி நீர் வழியும் கலிங்கு அடைத்திருந்தால் வந்த தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும். 2015 டிசம்பரில் சென்னையில் மாடி வீட்டுக்குப் படகு போனது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே சென்னை காலிக் குடத்தோடு வரிசையில் நின்றது. மழை பெய்த பிறகு மண்வெட்டி தேடிப் பயனில்லை. மண்வெட்டி எடுக்க வேண்டிய மாதம் செப்டம்பர். அந்த மாதத்தில் நாம் மாலை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது என் நாயகனைக் காட்டுகிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய கண்மாய்களில் கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கும். குமிழித்தூம்பு என்று பெயர். தூண்களுக்குக் கீழே ஒரு கல்தொட்டி. அதன் மேல்துளை நீரோடி, அடித்துளை சேறோடி. மேலே உள்ள கல்மூடியைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டு இறங்கும். அடியில் தேங்கிய வண்டல் அதோடு கலந்து வயலுக்கு உரமாக ஓடும். பாசனம், தூர், உரம் மூன்றையும் ஒரே தூம்பில் முடித்த தொழில்நுட்பம் அது! ஆனால் அந்த மூடியை யார் தூக்குவது? கண்மாய் நிறைந்து அலையடிக்கும்போது நீந்திப் போய்த் தூணைப் பற்றிக்கொண்டு நீருக்குள் கைவிட்டவன் ஒருவன் இருந்தான். நீர்க்கட்டி என்றார்கள், நீர்பாய்ச்சி என்றார்கள், மடையன் என்றார்கள். அந்தச் சொல்தான் பிறகு வசவானது என்று மேடைகளில் சொல்வார்கள். மடமையிலிருந்து வந்த வேறு சொல் அது என்று மறுப்பவர்களும் உண்டு. சொல்லின் வேர் எதுவாகவும் இருக்கட்டும். அந்த ஆளுக்குப் பிறந்த நாள் குறித்து வைக்கவில்லை, இறந்த நாள் குறித்து வைக்கவில்லை. அதற்கு என்ன பதில்?

ஒரு கதை சொல்கிறேன், மதுராந்தகத்துக் கதை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லியோனல் பிளேஸ் என்ற கும்பினிக் கலெக்டர் அங்கே வந்தார். பெருமழை. ஏரி ததும்புகிறது, கரை இன்றோ நாளையோ என்று நிற்கிறது. கரை தப்பினால் அங்குள்ள ராமர் கோயிலில் தாயார் சன்னதி கட்டித் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, இரவில் கரைக்குப் போனார் துரை. மின்னல் வெளிச்சத்தில் வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையைக் காவல் காப்பதைக் கண்டார் என்கிறது தல வரலாறு. அன்றிலிருந்து அந்தக் கோயில் ராமர் ஏரி காத்த ராமர். துரையின் பெயர் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. நம்புகிறவர்கள் நம்புங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். கலெக்டர் பெயர் கல்லில் இருக்கிறது, கடவுள் பெயர் கோயிலுக்கே இருக்கிறது. கொட்டும் மழையில் கூடை கூடையாக மண் சுமந்து கரையைத் தாங்கிப் பிடித்தவர்கள் இல்லாமல் எந்த ஏரிக் கரை நின்றிருக்கிறது? அவர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? (நீண்ட கைதட்டல்)

இந்தப் பக்கம் மூன்று தெரு தள்ளி வேறொரு மேடை போட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அங்கே மாலையைத் தூக்கக் கிரேன் வந்திருக்கிறதாம்! தலைவர் முகத்தைவிடத் தன் முகத்தைப் பெரிதாகப் போட்ட பிளெக்ஸ் தெருவை மறைக்கிறது. ஐயா, அண்ணா பிறந்த காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டு அங்கே நிற்கிறது. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். அந்த முறையில் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் வாரியங்களில் ஒன்றின் பெயரே ஏரி வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவர் மட்டுமா, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது! இந்த ஒரு விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் மூன்று தெரு தள்ளி இருக்கும் அந்த மேடையில் எத்தனை நாற்காலி மிஞ்சும்? (சிரிப்பு) சரி, விடுங்கள். அவர்களைப் பேசினால் நேரம் போய்விடும்.

நியாயமான கேள்விகள் சில எழும். வரி கட்டுகிறோம், தூர் வாருவது அரசின் வேலை இல்லையா? ஆம், அரசின் வேலைதான். மதகு கட்டுவதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் மண்வெட்டியால் முடியாது. ஆனால் எந்தக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்பது கோட்டையில் இருப்பவருக்கு முன்னால் கரையில் நடப்பவருக்குத் தெரியும். இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிட்ட பழைய குடிமராமத்தைப் பொற்காலம் என்பார்களே, கூலியில்லாமல் மண் சுமந்தது யார்? மெத்தச் சரி. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்கே சட்டம் போட்டார்கள். பலனை அனுபவித்தது நிலம் உள்ளவன், முதுகு வளைந்தது நிலம் இல்லாதவனுக்கு. அந்தப் பழமை நமக்கு வேண்டாம். 2017இல் குடிமராமத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது பெயர் திரும்பி வந்தது. கணக்கு ஊர் நடுவே வந்ததா என்பதை ஒவ்வோர் ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். உழைப்புக்குக் கூலி, செலவுக்கு ஊரறியக் கணக்கு, நிலமுள்ளவனும் இறங்கி எடுக்கும் மண்வெட்டி: இந்த மூன்றும் இருந்தால்தான் அது பொதுவேலை.

மூன்றாவது கேள்வி: தலைவர்களின் விழாவைக் குறைத்துப் பேசுகிறாயா? ஒருக்காலும் இல்லை. நாள் குறித்துக் கொண்டாடாவிட்டால் அடுத்த தலைமுறை மறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எதை நினைக்க வேண்டும் என்று வ.உ.சி.யையே கேளுங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது மூலதனம் பத்து லட்சம். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. கப்பலோட்டியவர் ஒருவர், பங்குப் பணம் கட்டிக் கப்பலை வாங்க வைத்தவர்கள் பலர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? இருபத்தைந்து ரூபாய் எடுத்துவைத்த கையும் கல்மூடியைத் தூக்கிய கையும் ஒரே கைதான். தலைவர்களின் பெருமை அந்தக் கைகளைத் திரட்டியதில் இருக்கிறது. திரட்டியவருக்கு மாலை போடுவோம்; ஆனால் திரண்டவர்களோடு நாமும் சேர்ந்தால்தான் அந்த மாலைக்கு மரியாதை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. இந்த மாதம் எந்தத் தலைவருக்கு விழா எடுத்தாலும், மாலைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மண்வெட்டியும் சட்டியும் வாங்குங்கள். சிலையிடம் காலையில் கூடும் கூட்டம் அப்படியே ஏரிக்கரைக்கு நடக்கட்டும். வரத்துக் கால்வாயில் எங்கே அடைப்பு, கலிங்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மழை வர இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை.