பட்டியலில் இல்லாத பெயர்

வானொலி மறையுரை
வாசகம்: திருத்தூதர் பணிகள் 1:15-26



இது கல்லூரிச் சேர்க்கைக் காலம். சில வீடுகளில் இனிப்பு வழங்குகிறார்கள். வேறு சில வீடுகளில் ஓர் அறையின் கதவு சாத்தியே இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகளோடும், வெளியே என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோரோடும் இன்று பேச விரும்புகிறேன். அதிலும் குறிப்பாக, கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பேசுகிறேன்.

நம் மாநிலத்தில் இந்தப் படிப்புக்கு எவ்வளவு போட்டி என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். இருப்பது சில நூறு இடங்கள். விண்ணப்பிப்பவர்களோ பல ஆயிரம் பேர். அரை மதிப்பெண் குறைந்தாலும் எத்தனையோ பேருக்குப் பின்னால் போய்விட வேண்டியதுதான்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் கணக்கு. அந்தப் பிள்ளைக்கு அப்படியா? பசு கன்று ஈன்ற இரவில் தூங்காமல் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்த பிள்ளை அவள். அடிபட்ட நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளை. 'எங்க வீட்டு மாட்டு டாக்டர்' என்று தாத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பிள்ளை. 'மார்க் கொஞ்சம் குறைஞ்சிடுச்சும்மா' என்று நாம் சொல்கிறோம். 'நீ எதற்கும் தகுதியில்லை' என்று அவள் காதில் அது விழுகிறது.

அன்பார்ந்தவர்களே, அந்தப் பிள்ளையிடம் 'இது கடவுளுடைய சித்தம், விடு' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். துயரப்படுகிறவரின் வாயை அடைக்கக் கடவுளின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும், மரியாவின் கண்ணீரைக் கண்ட நம் ஆண்டவர் முதலில் அழுதார். நாமும் முதலில் பக்கத்தில் உட்காருவோம். அழட்டும். அதன் பிறகு பேசலாம்.

அப்படிப் பேசும்போது என்ன பேசுவது? இன்றைய வாசகம் நமக்கு உதவுகிறது. ஆண்டுதோறும் மே 14 அன்று, புனித மத்தியாவின் விழாவில் இந்தப் பகுதியை வாசிக்கிறோம். யூதாசின் இடம் காலியாக இருந்தது. ஒரே ஓர் இடம். திருமுழுக்கு யோவானின் காலம் தொடங்கி ஆண்டவர் விண்ணேற்றம் அடைந்த நாள்வரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும் என்பது பேதுரு சொன்ன தகுதி. அந்தத் தகுதியோடு இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஒருவர் மத்தியா. மற்றவர் யோசேப்பு, அவருக்குப் பர்சபா என்றும் யுஸ்து என்றும் பெயர்கள் உண்டு. இறைவனிடம் வேண்டிவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது.

நாம் எப்போதும் மத்தியாவைப் பற்றியே பேசுகிறோம். விழாவும் அவருக்குத்தான். ஆனால், அந்த யோசேப்பை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவரிடம் என்ன குறை இருந்தது? ஒன்றுமில்லை. மத்தியா நடந்த அதே தூரம் அவரும் நடந்தார். அதே வெயில், அதே பசி, அதே சீடத்துவம். தகுதி இருந்தது, இடம் இல்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். இடம் கிடைக்காதவர் எல்லாம் தகுதி இல்லாதவர் என்று நினைக்கிறோம். திருநூல் அப்படி எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். யோசேப்பு கோபித்துக்கொண்டு அந்தக் குழுவை விட்டுப் போனதாக ஒரு வரிகூட இல்லை. அங்கே கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் தூய ஆவியார் இறங்கி வந்தபோது, பன்னிருவரை மட்டும் எண்ணிப் பார்த்து வந்ததாக எழுதப்படவில்லை. கூடியிருந்த எல்லார்மேலும் வந்தார். இடங்கள் பன்னிரண்டுதான். பணியோ எல்லாருக்கும் இருந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு மூடியிருப்பது ஓர் இடம். நீங்கள் எதற்காக அந்த இடத்தை விரும்பினீர்களோ, அந்தப் பணி மூடிப்போகவில்லை.

புனித இஞ்ஞாசியாரின் வாழ்வில் இது அப்படியே நடந்தது. 1523-இல் அவர் எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆண்டவர் நடந்த மண்ணிலேயே தங்கி, ஆன்மாக்களுக்கு உதவி, அங்கேயே சாவது என்று உறுதியாக இருந்தார். அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அங்கு தங்குகிற திருப்பயணிகள் சிறைபிடிக்கப்படுவதும், பணம் கொடுத்து அவர்களை மீட்பதும் சபைக்குப் பெரும் சுமையாக இருந்தது. மீறித் தங்கினால் திருச்சபையை விட்டு விலக்கும் அதிகாரம் தமக்கு இருப்பதாகவும் எச்சரித்தார். இஞ்ஞாசியார் திரும்பி வந்தார். முப்பது வயதைத் தாண்டிய அந்த முன்னாள் படைவீரர், பார்சலோனாவில் சிறுவர்கள் படிக்கும் இலத்தீன் பாடத்தை அடியிலிருந்து படித்தார். அவர் ஆசைப்பட்ட படிப்பு அல்ல அது. ஆனால், ஆன்மாக்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசையை அவர் விடவில்லை. அதற்குத் தேவை என்பதால் படித்தார்.

அந்தப் படிப்புதான் அவரைப் பாரிசுக்குக் கொண்டுபோனது. அங்கேதான் சவேரியாரைச் சந்தித்தார். 1534-இல் மோன்மார்த்தர் குன்றில் அந்த நண்பர்கள் வாக்குறுதி எடுத்தபோது, 'எருசலேமுக்குப் போவோம்; போக முடியாவிட்டால் திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குப் போவோம்' என்ற பொருளில் எடுத்தார்கள். மாற்று வழியையும் வாக்குறுதிக்குள்ளேயே வைத்தார்கள் என்பதைப் பாருங்கள். போர்ச்சூழலால் கப்பல் கிடைக்கவில்லை. எருசலேம் போக முடியவில்லை. மாற்று வழிதான் நடந்தது. அந்த மாற்று வழியில்தான் 1542-இல் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் விசுவாசம், ஒருவருக்கு எருசலேமில் இடம் மறுக்கப்பட்டதோடு தொடர்புடையது.

'அது புனிதர்களுக்கு, சாமி, எங்கள் பிள்ளைக்கு?' என்று கேட்பீர்கள். நம் காலத்துக்கு வருவோம். வர்கீஸ் குரியன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோழிக்கோட்டில் பிறந்தவர். நம் சென்னை இலயோலா கல்லூரியில் இயற்பியலும், கிண்டியில் இயந்திரப் பொறியியலும் படித்தவர். உலோகவியலில் ஆர்வம் கொண்டவர். ஆனால், அரசு உதவித்தொகையில் அமெரிக்கா செல்ல அவருக்குக் கிடைத்ததோ பால்பண்ணைப் பொறியியல். படித்துத் திரும்பியவரை, ஒப்பந்தப்படி அரசுப் பணி செய்ய 1949-இல் குஜராத்தில் ஆனந்த் என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். எப்போது அங்கிருந்து கிளம்பலாம் என்றே காத்திருந்தார். பக்கத்தில் விவசாயிகளின் பால் கூட்டுறவுச் சங்கம் பழைய இயந்திரங்களோடு தடுமாறிக்கொண்டிருந்தது. திரிபுவன்தாஸ் படேல் உதவி கேட்டார். குரியன் தங்கினார். அமுல் வளர்ந்தது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் நாடெங்கும் பரவியது. இன்று நம் ஊரில் காலையில் கேனோடு பால் சொசைட்டிக்குப் போகும் அம்மாக்களின் வருமானத்துக்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுறவுச் சங்கம் பால் வாங்குவதோடு நிற்கவில்லை. உறுப்பினர்களின் மாடுகளைப் பார்க்கக் கால்நடை மருத்துவர்களை வண்டியில் கிராமத்துக்கே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தது. அந்தச் சங்கத்தை வளர்த்தவர் ஒரு பொறியாளர். மாட்டுக்கு ஊசி போடும் கை அவருடையது அல்ல. ஆனால், அந்தக் கை கிராமத்துக்கு வந்துசேர அவரும் ஒரு காரணம்.

சரி, இப்போது வீட்டில் என்ன செய்வது? 'மனம் இருண்டிருக்கும் நேரத்தில் புதிய முடிவு எடுக்காதே' என்பதே இஞ்ஞாசியார் தரும் அறிவுரையின் சாரம். பட்டியல் வந்த அன்று இரவே, 'ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள்' என்று பிள்ளை சொன்னால் அது முடிவல்ல, வலி. கலந்தாய்வுத் தேதிகள் நமக்காகக் காத்திருக்காது என்பது உண்மைதான். ஆனாலும், இருக்கிற சில நாள்களை அமைதியாகப் பயன்படுத்துங்கள். மூன்று கேள்விகளை இறைவேண்டலோடு கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: நான் உண்மையில் எதை நேசித்தேன்? விலங்குகளின் நோயைப் புரிந்துகொள்வதையா? அப்படியானால் நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம் உண்டு. காட்டு உயிர்களையா? விலங்கியல் படித்துக் காட்டுயிரியலுக்குப் போகலாம். மாடு வளர்க்கும் குடும்பங்களின் பிழைப்பையா? கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே பால்வளம், உணவு, கோழியினம் ஆகியவற்றுக்குப் பி.டெக். படிப்புகள் இருக்கின்றன. கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீன்வள அறிவியல் இருக்கிறது. வேளாண்மை இருக்கிறது. ஒருவேளை பெயருக்கு முன்னால் வரும் 'டாக்டர்' என்ற சொல்லைத்தான் நேசித்தோமோ? அதையும் கடவுள் முன்னால் நேர்மையாகச் சொல்லலாம். அவர் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது கேள்வி: இந்த மாற்றுப் படிப்பு எதைத் தரும், எதைத் தராது? இதில் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன எந்தப் பட்டமும் உங்களைக் கால்நடை மருத்துவர் ஆக்காது. அந்தப் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்தான் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயுற்ற மாட்டைத் தொட்டுக் குணப்படுத்துவதைத் தவிர வேறு எதிலும் மனம் நிறையாது என்று ஒரு பிள்ளை தெளிவாக உணர்ந்தால், இன்னும் ஒருமுறை முயல்வது தவறல்ல. ஆனால், எத்தனை முறை என்று முன்கூட்டியே எல்லை வைத்துக்கொள்ளுங்கள். வேறு படிப்பில் சேர்ந்தால் முழு மனத்தோடு சேருங்கள். ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் படிப்பது அந்தப் படிப்புக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

மூன்றாவது கேள்வி: இதன் சுமையை யார் தாங்குவார்கள்? தங்கையின் படிப்புக்கு வைத்த நகை, அப்பா வாங்கப்போகும் கடன், இவையும் இறைவேண்டலுக்குள் வர வேண்டிய செய்திகள். 'பணம் கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன்' என்று வருகிற புரோக்கரிடம் பணத்தோடு மனச்சாட்சியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேறு படிப்பில் சேர்ந்ததை யாரிடமாவது சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். 'கிடைக்கலை, அதனால இதுல போட்டிருக்கோம்' என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லாதீர்கள். சித்தி மகளோடு ஒப்பிடாதீர்கள். நீங்கள் வெட்கப்படும் படிப்பை உங்கள் பிள்ளையால் எப்படிப் பெருமையோடு படிக்க முடியும்? பிள்ளை பல நாள்களாகச் சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்பதுபோலப் பேசினாலோ, தனியே விடாதீர்கள். 104 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

பங்கு மக்களே, நமக்கும் பொறுப்பு உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று, 'என்ன கோர்ஸ்? எந்தக் காலேஜ்? கட் ஆஃப் எவ்வளவு?' என்று நாம் அன்போடுதான் கேட்கிறோம். ஆனால், அந்தக் கேள்விக்குப் பயந்தே கோவிலுக்கு வராமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. 'சாப்பிட்டியாம்மா? பாடற்குழுவுக்கு வர்றியா?' என்று கேளுங்கள். யோசேப்பு பர்சபா அந்தக் குழுவிலேயே தங்க முடிந்ததென்றால், சீட்டு விழாதவரையும் தம்மில் ஒருவராகவே வைத்துக்கொண்ட ஒரு சமூகம் அவரைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். நம் பங்கும் அப்படி இருக்கட்டும்.

மன்றாடுவோம்: எல்லா உயிர்களையும் படைத்துக் காக்கும் தந்தையே, விரும்பிய இடம் கிடைக்காமல் மனம் உடைந்திருக்கும் எம் பிள்ளைகளை உம்மிடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் கண்ணீரை நீர் அறிவீர். அவர்களுக்குள் நீர் வைத்த அன்பு வீணாகாமல், அது பலன் தரும் நிலத்தை அவர்களுக்குக் காட்டும். பெற்றோருக்குப் பொறுமையையும், எங்களுக்கு இதமான சொற்களையும் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.