காய்ச்சல் இறங்கிய பிறகு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகிற பாதையில் தெல்தெனியவையும் மெதமஹநுவரவையும் தாண்டினால் ஹுன்னஸ்கிரிய வரும். அங்கே பிரிகிற மலைப்பாதை லூல்வத்தை ஊடாக மீமுரே வரை போகிறது. தேயிலையும் மிளகும் ஏலமும் விளைகிற பக்கம் அது. அங்கே கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவுக்குச் சிக்குன்குனியா வைரஸ் காய்ச்சல் வந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று போய்க் கேட்பது யார்? இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். உயிரைப் பறிப்பது அரிது. காய்ச்சல் விட்டதும் பதிவேட்டில் அவர் குணமானவர். ஆனால் வைரஸ் பிடித்துக்கொள்கிற இடங்கள் மணிக்கட்டு, விரல் மூட்டு, முழங்கால், கணுக்கால். சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் நிற்கிறது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில். விடிந்து எழும்போது விரலை மடக்க முடியாது. வேலைக்குப் பெயர் பதிகிற பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய நேரமும் அதுதான். தோட்டம் வைத்த கிலோ கணக்கு வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மேசையில் இருந்து வேலை செய்கிறவருக்கு இது தொந்தரவாக இருக்கும், சரிவில் ஏறிக் கொழுந்து கிள்ளுகிறவருக்கு இது சம்பளத்தில் விழுகிற வெட்டு.

இலங்கையில் 1960களில் தலைகாட்டிய சிக்குன்குனியா, நாற்பது ஆண்டுகள் கழித்து 2006 இறுதியில் திரும்பி வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கொழும்பு என்று பரவியது. கண்டியில் டெங்கும் அதுவும் ஒரே காலத்தில் வந்தன. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று பேராதனை மருத்துவப் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவும் அவரோடு பணிபுரிந்தவர்களும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களுடைய இன்னொரு வேலை. 2007இல் நோய் கடுமையாகப் பரவிய ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்து, நோய் விட்டுச்சென்ற பாதிப்பை 2012இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவரைப் பார்ப்பது ஒன்று. வராமல் வீட்டிலேயே வலியோடு இருப்பவரைத் தேடிப் போவது வேறு. இரண்டாவதைச் செய்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

தேடிப் போனால் மட்டும் போதுமா? மூட்டு வலி என்பது மலைநாட்டில் எத்தனை பேருக்கு இல்லை? ஐம்பது வயதில் கூடை சுமந்தவருக்கு முழங்கால் வலிப்பது வைரஸாலா, வயதாலா, வேலையாலா? இந்தக் கேள்விக்கு இந்து சமுத்திரத்தில் இருக்கிற ரியூனியன் தீவிலிருந்து ஒரு நல்ல பதில் கிடைத்தது. 2005-06இல் அந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சிக்குன்குனியா தொற்றியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அங்குள்ள ஆய்வாளர்கள் மக்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். இரத்தப் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களிடமும் கேட்டார்கள், தொற்றே இல்லாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். தொற்றியவர்களில் 43 சதவீதம் பேர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். தொற்றாதவர்களில் 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள்.

அந்த 17ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது இல்லாமல் 43ஐ மட்டும் சொல்லியிருந்தால், எல்லா வலியையும் வைரஸின் தலையில் கட்டியிருப்போம். அல்லது யாராவது எழுந்து, இதெல்லாம் வயசு வலிதானே என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டிருப்பார். நோய் வராத பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டதால்தான் நோயாளியின் வலிக்கு ஆதாரம் கிடைத்தது.

இப்படி ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பது எளிதல்ல. காலம் போகப் போக ஞாபகம் மங்கும், பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், லயத்து வீடு பூட்டியிருக்கும். நீண்டகால ஆய்வுகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் தோட்டத்தில் ஒரு பதிவு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ நிறுத்தார், எந்த நாள் முழுப்பேர், எந்த நாள் அரைப்பேர் என்பது செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் ஏறுகிறது. தொழிலாளியின் சம்மதத்தோடு அதைத் தோட்ட டிஸ்பென்சரிப் பதிவோடு சேர்த்துப் பார்த்தால், காய்ச்சலுக்கு முன்னும் பின்னும் அந்தக் கைகள் என்ன செய்தன என்று தெரிந்துவிடும். சம்பளத்துக்காக எழுதியதுதான், ஆனாலும் யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. இதைச் செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வேறு காரணத்துக்காகச் சேர்த்து வைத்தது பின்னால் பெரிய விடை தந்ததும் உண்டு. அமெரிக்க இராணுவத்தில் வீரர்களின் இரத்த மாதிரிகளைச் சேமித்து வைப்பார்கள். இருபது ஆண்டுக்கால மாதிரிகளை ஆராய்ந்தபோது, எப்ஸ்டீன்-பார் என்ற சாதாரண வைரஸ் தொற்றியவர்களுக்கு, நரம்பு மண்டலத்தைத் தாக்குகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் அபாயம் 32 மடங்கு கூடுவது தெரிந்தது. அந்த முடிவு வெளிவந்தது 2022இல். தொற்றுக்கும் நோய்க்கும் இடையில் ஆண்டுகள் ஓடியிருந்தன.

சிக்குன்குனியா நம்மை விட்டுப் போகவும் இல்லை. பல ஆண்டுகள் அடங்கியிருந்து, 2024 இறுதியிலிருந்து கொழும்பு, கம்பஹா, கண்டி மாவட்டங்களில் மறுபடி பரவியது. 2007இல் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த வைரஸ் புதிது.

அதனால் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். அஸ்பிரின், டைக்குளோஃபினக் போன்றவை டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழிந்தும் விரல் மடங்கவில்லை என்றால், அது பழைய காய்ச்சல் என்று விட்டுவிடாமல் அதே கொப்பியை எடுத்துக்கொண்டு தெல்தெனிய ஆஸ்பத்திரிக்கோ கண்டிக்கோ போங்கள். மூட்டு வலி என்று மட்டும் சொல்லாமல், முன்னே எத்தனை கிலோ பறித்தீர்கள், இப்போது எத்தனை கிலோ பறிக்கிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.