கேப்போன் வழி: வரித் துப்பும் வன்முறை விளையாட்டு வீரர்களும்

  

பொருள் அவைக்குப் பாதி தெரிந்ததுதான். பணமும் புகழும் உள்ள தொழில்முறை வீரர் ஒருவர் மனைவியையோ காதலியையோ அடிக்கிறார். சாட்சி பின்வாங்குகிறார், வழக்கு பேரத்தில் முடிகிறது, அணி மறுபடி சேர்த்துக்கொள்கிறது. அப்படியானால் வேறு கதவைத் தட்டுங்கள் என்கிறது ஒரு தரப்பு. அவர் மறைத்த வருமானத்தைப் பற்றி வரித்துறைக்கு எழுதிப் போடுங்கள். சிகாகோ நிழலுலகத் தலைவன் அல் கேப்போனை உள்ளே தள்ளியது கொலை வழக்கா, வரி வழக்குதானே என்று கேட்கிறார்கள். சட்டக் கருத்தரங்குகளில் இந்த வாதம் பல ஆண்டுகளாகக் கைதட்டல் வாங்கிவருகிறது. அதை முன்வைக்கும் நண்பர்களின் கோபம் முழுக்க நியாயமானது. அவர்கள் காட்டும் வழி தவறு. அதை நேருக்கு நேர் சொல்வதற்காகவே இவ்வுரை எழுதப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வரி ஏய்ப்பைக் கண்டுபிடிக்க உதவுவோருக்குப் பணம் கொடுக்க அமெரிக்கச் சட்டம் 1867-லேயே இடம் தந்தது. 2006 டிசம்பரில் வந்த திருத்தம் அதற்குப் பல் கொடுத்தது. ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித்துறையில் துப்புக் கொடுப்போருக்கென்று தனி அலுவலகம் அமைந்தது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 20 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும்; ஏய்த்தவர் தனிநபரானால் அவருடைய ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால், வசூலான தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை துப்புக் கொடுத்தவருக்குச் சேரும். யுபிஎஸ் வங்கியின் ரகசியக் கணக்குகளைப் பற்றிச் சொன்ன பிராட்லி பிர்கன்ஃபெல்டுக்கு 2012-ல் 10.4 கோடி டாலர் கிடைத்தது. அதே விவகாரத்தில் அவரும் சிறை சென்று வந்தவர் என்பதை இந்தத் தொகையை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

வெகுமதி வேண்டுவோருக்குப் படிவம் 211. வெறுமனே தகவல் சொல்வோருக்குப் படிவம் 3949-ஏ. இரண்டிலும் அடிபட்ட பெண்ணைப் பற்றி எழுத ஓர் இடமும் இல்லை.

லாஸ் வேகஸில் இரண்டு ஒத்திவைப்புகள்

இந்த விவாதத்தில் எல்லோரும் தொட்டுவிட்டுக் கடந்துபோகும் ஒருவரை, குத்துச்சண்டை வீரர் ஃப்ளாய்ட் மேவெதரை, நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2010 செப்டம்பரில், லாஸ் வேகஸில், தன் மூன்று குழந்தைகளின் தாயை அவருடைய வீட்டிலேயே மேவெதர் தாக்கினார். குழந்தைகள் வீட்டில் இருந்தார்கள். பத்து வயது மகன் தான் பார்த்ததைத் தன் கையெழுத்தில் போலீசாருக்கு எழுதிக் கொடுத்தான். வரித் துப்பைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையிலும் அந்தக் காகிதம் இடம்பெறுவதில்லை. ஆனால் இந்த வழக்கின் உண்மையான துப்பு அதுதான். கொடுத்தவனுக்கு அதனால் வெகுமதி எதுவும் இல்லை.

இது மேவெதரின் முதல் வழக்கும் அல்ல. 2002-லேயே வேறொரு பெண்ணைத் தாக்கிய இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போகாமல் வெளியே வந்தவர் அவர். 2011 டிசம்பரில் இந்த வழக்கும் பேரத்துக்கு வந்தது. கடுமையான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. சிறு குற்றமாகக் குறைக்கப்பட்ட தாக்குதலை அவர் ஒப்புக்கொண்டார். நீதிபதி மெலிசா சாரகோசா 90 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம், 100 மணி நேரச் சமூகப் பணி, குடும்ப வன்முறை குறித்த ஓராண்டுப் பயிற்சி என்று தீர்ப்பளித்தார். 2012 ஜனவரி 6 அன்று அவர் சிறைக்குள் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. மே 5 அன்று லாஸ் வேகஸில் பெரிய ஆட்டம் ஒன்று நடக்கவிருக்கிறது, நகரத்தின் பொருளாதாரத்துக்கு அது முக்கியம் என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். நீதிபதி சிறைத் தேதியை ஜூன் 1-க்குத் தள்ளிவைத்தார். பிப்ரவரியில் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் உரிமம் கொடுத்தது. மே 5 அன்று எம்ஜிஎம் கிராண்டில் மிகேல் கோட்டோவை மேவெதர் வென்றார். அந்த ஒரு இரவுக்கு அவருக்கு உறுதி செய்யப்பட்டிருந்த தொகை 3.2 கோடி டாலர். அபராதமாகக் கட்டியது 2,500 டாலர். ஜூனில் உள்ளே போனவர் ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியே வந்துவிட்டார்.

அதே மனிதருக்கும் வரித்துறைக்கும் நடந்த கதை ஐந்தாண்டு கழித்து வருகிறது. 2015 மே மாதம் மேனி பாக்கியாவோவுடன் நடந்த ஆட்டத்தில் அவர் சம்பாதித்தது 20 கோடி டாலருக்கு மேல். 2017 ஜூலையில், 2015-ஆம் ஆண்டு வரியில் இன்னும் 2.2 கோடி டாலருக்கு மேல் பாக்கி இருந்த நிலையில், அவர் சார்பில் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் ஒரு மனு போடப்பட்டது. சொத்து நிறைய இருக்கிறது, ஆனால் உடனே பணமாக்க முடியாது. சுமார் 60 நாளில் பெரிய வரவு வரப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்பதே மனுவின் சாரம். அந்த வரவு, ஆகஸ்ட் 26 அன்று கானர் மெக்ரெகருடன் நடந்த ஆட்டம். நெவாடா ஆணையம் வெளியிட்ட கணக்குப்படி அதில் மேவெதருக்கு உறுதியான தொகை 10 கோடி டாலர். 2015-க்காக ஏற்கெனவே 2.6 கோடி டாலர் கட்டியிருப்பதாக அவர் பொதுவெளியில் பதில் சொன்னார். அதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே நியாயம்.

2012-ல் தண்டனை ஆட்டத்துக்காகக் காத்திருந்தது. 2017-ல் மேவெதரின் பாக்கிக்காக வரித்துறையை ஆட்டம் முடியும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். வன்முறையாளரிடமிருந்து வர வேண்டிய பணம் அவருடைய அடுத்த ஆட்டத்திலிருந்துதான் வரும் என்றால், அவர் தொடர்ந்து ஆடுவதில் அரசுக்கே அக்கறை பிறந்துவிடுகிறது. கருவூலம் அவருடைய தொழிலில் பங்காளியாகிறது. உரிமத்தைப் பறி, மேடையிலிருந்து விலக்கு என்று கேட்க வேண்டிய அரசு, ஆடட்டும், கட்டட்டும் என்று நிற்க வேண்டியதாகிறது. கேப்போன் வழியை ஆதரிக்கும் நண்பர்கள் இந்த இடத்துக்குப் பதில் சொன்னதே இல்லை. தண்டிக்கும் கருவி என்று அவர்கள் நம்பும் வரி, தண்டனைக்கு உள்ளாக வேண்டியவரை மேடையிலேயே வைத்திருக்கும் காரணமாக மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேவெதரின் பாக்கியை வரித்துறைக்குச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஆட்டத் தொகை ஆணையத்தின் பதிவில் இருந்தது, செய்தித்தாளில் வந்தது, தொலைக்காட்சியில் காசோலையாகக் காட்டப்பட்டது. வரித்துறைக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்வதற்கு 30 சதவீதம் கிடைக்காது. வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்ட, உலகமே அறிந்த ஒரு வீரரிடம் இந்தக் கருவிக்கு வேலையே இருக்கவில்லை. வரியைக் கட்டினால் கணக்கு தீர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு அதிலிருந்து ஒரு டாலரும் போகவில்லை; சட்டத்தில் அதற்கு வழியும் கிடையாது.

துப்பு யார் கையில் இருக்கிறது

குழு விளையாட்டுகளில் நிலைமை இன்னும் சிக்கல். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து அணிகள் சம்பளம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்கின்றன. மறைப்பதற்கு இடமிருப்பது ரொக்கமாக வரும் பணத்தில்தான். பேஸ்பால் வீரர் பீட் ரோஸ் 1990-ல் ஐந்து மாதச் சிறைக்குப் போனது, ஆட்டோகிராஃப் விற்பனை, நினைவுப் பொருள், சூதாட்டம் ஆகியவற்றில் வந்த பணத்தைக் கணக்கில் காட்டாததற்காக. 1995-ல் டியூக் ஸ்னைடரும் வில்லி மெக்கோவியும் அதே மாதிரியான ஆட்டோகிராஃப் வருமானத்துக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் யாரும் வன்முறைக்காக அங்கே நிறுத்தப்பட்டவர்கள் அல்லர். வரி வலையில் அகப்படுகிறவர்களும் வீட்டில் கை ஓங்குகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே?

ரொக்கம் எங்கே இருக்கிறது, எந்தப் பையில் வந்தது, யார் எண்ணினார்கள் என்பது வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அது மனைவி. கணவனும் மனைவியும் கூட்டாக வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால், அமெரிக்கச் சட்டப்படி முழு வரிக்கும் இருவருமே பொறுப்பு. மணவிலக்குக்குப் பிறகும் அந்தப் பொறுப்பு போகாது. கணவன் மறைத்ததை மனைவி எழுதிப் போட்டால், அந்தக் கடன் முதலில் அவர் தலையிலேயே விழலாம். விலக்கு உண்டு. 1998-ல் வந்த சட்டம் அதை விரிவாக்கியது. 2013 விதிகள் அடி, மிரட்டல், பணக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் விலக்குக் கோரும் படிவம் 8857-க்கான குறிப்புகளைத் திறந்து பாருங்கள். விண்ணப்பம் வந்தால் வரித்துறை கணவருக்கோ முன்னாள் கணவருக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. முகவரியை மறைப்பார்கள். செய்தியை மறைக்க மாட்டார்கள்.

துப்புக் கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்றுவோம் என்கிறார்கள். வீட்டில் அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் என்றால், பெயரை மறைத்து என்ன பயன்?

கேப்போன் உண்மையில் எதற்குத் தண்டிக்கப்பட்டார்

1927-ல் சல்லிவன் வழக்கில், சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு வழியாகவே 1931 அக்டோபரில் கேப்போன் தண்டிக்கப்பட்டார்: 11 ஆண்டுச் சிறை, 50,000 டாலர் அபராதம். இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. சொல்லாத பகுதியும் உண்டு. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில், கேப்போன் கும்பலின் வேலை என்று பரவலாக நம்பப்படும் தாக்குதலில், சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு பேருக்காக எவரும், எந்த நாளும், தண்டிக்கப்படவில்லை. கேப்போனைப் பற்றி அரசுக்குத் தகவல் கொடுத்த எட்வர்ட் ஓ’ஹேர் 1939 நவம்பர் 8 அன்று காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்; அடுத்த வாரம் கேப்போன் விடுதலையானார். நண்பர்கள் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டும் வழக்கிலேயே செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை, துப்புக் கொடுத்தவருக்கு உயிர் மிஞ்சவில்லை.

வேலை செய்தது எது

2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியின் லிஃப்ட்டில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ், பிறகு தன் மனைவியான பெண்ணை அடித்து வீழ்த்தினார். லீக் முதலில் விதித்தது இரண்டு ஆட்டத் தடை. செப்டம்பர் 8 அன்று லிஃப்ட்டுக்குள் எடுத்த வீடியோ வெளியானது; அன்றே பால்டிமோர் அணி அவரை நீக்கியது. அவர் பிறகு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அணியை அசைத்தது வன்முறையின் சான்று. 2015-ல் மேவெதருக்கு ஆஸ்திரேலியா விசா மறுத்ததற்கும் காரணம் அவருடைய குற்றப் பின்னணிதான்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் இரட்டைக் கொலை வழக்கு இங்கே விரிவாகப் பேசப்பட வேண்டியது, நேரமில்லை. 1997 உரிமையியல் தீர்ப்பு 3.35 கோடி டாலர்; கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் பெரும்பகுதி வந்து சேரவில்லை. அவருடைய ஓய்வூதியத்தைச் சட்டம் அவர்களிடமிருந்து காத்தது. அதே ஓய்வூதியத்தை வரிப்பாக்கிக்காக ஐ.ஆர்.எஸ். தொட முடிந்திருக்கும். அரசு தன் கடனுக்கு வைத்திருக்கும் அந்தக் கையை, அடித்தவரிடமிருந்து இழப்பீடு வசூலிக்கவும் கொடுக்கலாமா என்பதே இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

மற்றவற்றைக் குறிப்பாக மட்டும் சொல்லலாம். 1984 சட்டப்படி அமைந்த குற்றப் பாதிப்பாளர் நிதியில் குற்ற அபராதங்கள் சேர்கின்றன, வசூலான வரிப்பாக்கி சேர்வதில்லை. அந்த வரிப்பாக்கியில் ஒரு பங்கைக் கேட்க முடியுமா என்று யாராவது எழுத வேண்டும். படிவம் 8857-ன் அறிவிப்பு விதியைத் தளர்த்தும் வழியையும் ஆராய வேண்டும். இந்தியாவில் 2018-ல் வந்த வருமான வரித் துப்பு வெகுமதித் திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வீட்டுக்குள்ளிருந்து துப்புக் கொடுக்கும் பெண்ணுக்கு அதில் என்ன பாதுகாப்பு என்பதை நம் சட்டக் கல்லூரிகள் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் உரிமம் கொடுக்கும் ஆணையங்களின் பதிவுகளைப் படிக்க வேண்டும். சிறைத் தேதி குறிக்கப்பட்ட ஒருவருக்கு 2012 பிப்ரவரியில் நெவாடா ஆணையம் எந்தக் காரணம் சொல்லி உரிமம் கொடுத்தது என்பதிலிருந்து ஒருவர் தொடங்கட்டும்.