கம்பளத்தில் படிந்த குருதி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசியல் பேசும் மேடையில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒரு பேரரசு அஞ்சித் தடை போட்ட ஓவியம் இது. ஒரு முறை கத்தியால் குத்துப்பட்டது. இன்னொரு முறை இரும்புக் கம்பத்தால் அடிபட்டது. அரசியலை விட்டுவிட்டு இதைப் பற்றிப் பேச வழியில்லை.

நம்மில் மூத்தவர்கள் ‘சோவியத் நாடு’ ஏட்டில் ரஷ்ய ஓவியங்களின் அச்சுப் படங்களைப் பார்த்திருப்பார்கள். வோல்கா ஆற்றில் மார்பில் வார் கட்டிப் படகு இழுக்கும் கூலிகளை வரைந்தாரே இல்யா ரெப்பின், அவர் 1885இல் வரைந்து முடித்தது இந்தப் படம். இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். மாஸ்கோவில் உள்ள திரெத்யாக்கோவ் காட்சிக்கூடத்துக்கு உரியது.

இருண்ட அறை, சிவப்புக் கம்பளங்கள், கவிழ்ந்து கிடக்கும் ஆசனம். முன்னால் இரும்பு முனை வைத்த கைத்தடி ஒன்று தரையில் கிடக்கிறது. கறுப்பு உடை அணிந்த கிழவர் மண்டியிட்டு மகனை அணைத்துக்கொண்டு, அவன் நெற்றிப்பொட்டிலிருந்து பீறிடும் குருதியைக் கையால் பொத்துகிறார். மகனின் கன்னத்தில் ஒரு துளிக் கண்ணீர். கிழவரின் கண்களைத்தான் பார்க்க வேண்டும். கை செய்துவிட்டதை அறிவு அப்போதுதான் உணர்கிறது! அந்தக் கிழவர் ரஷ்யாவின் முதல் ஜார், ‘பயங்கர இவான்’ என்று உலகம் அழைக்கும் நான்காம் இவான். மடிந்துகொண்டிருப்பவன் பட்டத்துக்குரிய மூத்த மகன், அவன் பெயரும் இவான், வயது இருபத்தேழு. படத்தின் பெயரிலேயே தேதி இருக்கிறது: 1581 நவம்பர் 16. மூன்று நாள் கழித்து இளவரசன் இறந்தான்.

என்ன நடந்தது? போப்பாண்டவரின் தூதராகச் சென்ற போஸ்ஸெவினோ என்ற சேசு சபைத் துறவி, சில மாதங்களுக்குப் பின் மாஸ்கோவில் கேள்விப்பட்டதை எழுதி வைத்தார். சூலுற்றிருந்த மருமகள் தகுந்த உடையின்றி இருந்ததாகச் சினந்து ஜார் அவளை அடித்தார். தடுக்க ஓடிவந்த மகன்மேல் தடி விழுந்தது. அவளுக்குக் கருவும் கலைந்தது. அவள் மகனின் மூன்றாம் மனைவி. முதல் இருவரையும் மாமனார் ஏற்கெனவே கன்னிமடத்துக்கு அனுப்பியிருந்தார்! போலந்துப் படை பிஸ்கோவ் நகரை முற்றுகையிட்டிருந்த காலம் அது. போரை நடத்தும் விதத்தில்தான் தந்தைக்கும் மகனுக்கும் சண்டை என்று வேறொரு வரலாறும் உண்டு.

விளைவில் மட்டும் ஐயமில்லை. 1584இல் ஜார் இறந்ததும் பட்டம் நோயாளியான இளைய மகன் பியோதருக்குப் போயிற்று. 1598இல் அவரும் வாரிசின்றி மறைய, ஏழு நூற்றாண்டு ஆண்ட ரூரிக் வம்சம் முடிந்தது. பஞ்சம், போலி இளவரசர்கள், அந்நியப் படை என்று 1613 வரை நாடு சீரழிந்தது.

முந்நூறு ஆண்டு கழித்து ரெப்பினுக்கு ஏன் இது நினைவுக்கு வந்தது? 1881 மார்ச் முதல் நாள் (ரஷ்யப் பழைய நாட்காட்டியில்) ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டு வீச்சில் கொல்லப்பட்டார். கொன்ற ‘மக்கள் விருப்பம்’ இயக்கத்தினர் ஐவர் ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் சோபியா பெரோவ்ஸ்கயா ஒரு பெண். உயிரையாவது விட்டுவிடுங்கள் என்று புதிய ஜாருக்குக் கடிதம் எழுதியவர் தல்ஸ்தோய். மன்னிப்பே கூடாது என்று வற்புறுத்தியவர் புதிய ஜாரின் பழைய ஆசிரியரும், திருச்சபையை அரசின் சார்பில் ஆட்டிப்படைத்த அதிகாரியுமான போபெதொனோஸ்த்செவ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார். அந்த ஆண்டின் குருதிதான் தம்மைத் தூரிகை எடுக்க வைத்தது என்று ரெப்பின் பின்னாளில் எழுதினார்.

மகனின் முகத்துக்கு முன்மாதிரியாக அமர்ந்தவர் கார்ஷின் என்ற இளம் எழுத்தாளர். துருக்கிப் போரில் காயம்பட்டவர். 1880இல் லோரிஸ்-மெலிக்கோவ் என்ற அதிகாரம் மிக்க அமைச்சரை மிளோதெத்ஸ்கி என்ற இளைஞன் சுட்டான், குறி தப்பியது. தூக்குக்கு முந்தைய இரவில் அந்த அமைச்சரின் வீட்டுக்கே போய், அவனை மன்னியுங்கள் என்று அழுது மன்றாடியவர் இந்தக் கார்ஷின். பயனில்லை. மனம் குலைந்த அந்த மனிதர் 1888இல், 33ஆம் வயதில், மாடிப்படியிலிருந்து குதித்து உயிர்விட்டார். ரெப்பின் அவர் முகத்தில் எதைக் கண்டாரோ!

1885இல் படம் பீட்டர்ஸ்பர்க்கில் காட்சிக்கு வந்தது. கூட்டம் அலைமோதியது. போபெதொனோஸ்த்செவ் ஜாருக்குக் கடிதம் எழுதினார், படம் அருவருப்பானது என்று. உடனே தடை. விலைக்கு வாங்கிய திரெத்யாக்கோவிடம், எவருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். ரஷ்யப் பேரரசில் தணிக்கை தடுத்த முதல் ஓவியம் என்று இதைச் சொல்வார்கள். அரண்மனைச் செல்வாக்குள்ள பொகொல்யூபவ் என்ற ஓவியர் தலையிட்டதால் மூன்று மாதத்தில் தடை நீங்கியது.

1913 ஜனவரியில் பலஷோவ் என்ற இளைஞர், போதும் குருதி என்று கத்திக்கொண்டே இரு முகங்களிலும் மூன்று முறை கத்தியை இறக்கினார். மனநலம் குன்றியவர், தண்டனை இல்லை. ஆனால் காட்சிக்கூடத்தின் காப்பாளர் குருஸ்லோவ் இரயிலின்முன் பாய்ந்து இறந்தார். ஒரு படத்துக்காக ஓர் உயிர்! அப்போது வொலோஷின் என்ற கவிஞர், குற்றம் கத்திமேல் இல்லை, இப்படிக் குருதியைக் காட்டும் ஓவியத்தின்மேல்தான் என்று பொதுக்கூட்டம் போட்டுப் பேசினார். ரெப்பின் அதே கூட்டத்தில் எழுந்து பதில் சொன்னார்.

புரட்சி வந்தது, ஜார்கள் போனார்கள். ஆனால் பயங்கர இவான் போகவில்லை. ஐசன்ஸ்டைன் எடுத்த ‘பயங்கர இவான்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தை 1946இல் தடுத்துவிட்டு, 1947 பிப்ரவரியில் அவரை அழைத்துப் பேசினார் ஸ்டாலின். இவான் பெரிய அறிவாளி என்பது அவர் கருத்து. அவர் கண்ட குறை, ஐந்து பிரபுக் குடும்பங்களை அடியோடு ஒழிக்காமல் விட்டது. கொன்றபின் நெடுநேரம் பிரார்த்தித்து வருந்தியது. கொலையில் இல்லை தோழர்களே, வருத்தத்தில்தான் அவருக்குக் குறை! ஜாரின் திருச்சபை அதிகாரியும் ஸ்டாலினும் வேறு எதில் ஒத்துப்போவார்கள்? ரெப்பின் வரைந்த அந்தக் கண்கள் இருவருக்குமே வேண்டாதவை. இதைச் சொல்வதில் நம் இடதுசாரி நண்பர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை.

நம் காலத்திலும் இது ஓயவில்லை. ஜார் மகனைக் கொல்லவே இல்லை, படத்தை அகற்றுங்கள் என்று 2013இல் சில மதப்பற்றாளர்கள் மனு கொடுத்தார்கள், காட்சிக்கூடம் மறுத்தது. 2016இல் ஓர்யோல் நகரில் இவானுக்குச் சிலை எழுந்தது. அந்த மாநில ஆளுநர், மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகும் வழியில் மகன் நோயுற்று இறந்தான் என்றார். பீட்டர்ஸ்பர்க் நகரம் பிறந்ததே 1703இல்! 2018 மே மாதத்தில் ஒருவர் தடுப்புக் கம்பத்தைப் பிடுங்கிக் கண்ணாடியை உடைத்து, இளவரசன் உருவம் உள்ள பகுதியில் துணியை மூன்று இடத்தில் கிழித்தார். முகங்கள் தப்பின. இரண்டரை ஆண்டு சிறை கிடைத்தது.

நியாயமாகப் பேசுவோம். மகன் எப்படி இறந்தான் என்பதற்கு நேரில் கண்ட சாட்சி நமக்கு இல்லை. 1963இல் கிரெம்ளின் தேவாலயத்தில் கல்லறைகளைத் திறந்தார்கள். எலும்பில் பாதரசம் இருந்தது. மண்டையோடோ மக்கி உதிர்ந்திருந்ததால் அடி விழுந்ததா என்று சொல்ல முடியவில்லை. இந்த ஓட்டையைக் காட்டித்தான் ஜார் நல்லவர் என்கிறார்கள்.

ஆனால் மகன் இறந்தபின் அந்த ஜாரே ஒரு வேலை செய்தார். தம் ஆணையால் செத்தவர்களின் ஆன்மாவுக்குப் பூசை செய்யச் சொல்லி, பட்டியல் எழுதி, காசும் சேர்த்து, மடங்களுக்கு அனுப்பினார். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் உண்டு. 1570இல் நோவ்கொரோட் நகரைச் சூறையாடிய கணக்கும் உண்டு: மல்யூத்தா என்ற அடியாளின் அறிக்கைப்படி 1,490 பேர், துப்பாக்கியால் சுட்டவர் 15. பலருக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கைதான். அந்த இடங்களில், இவர்கள் பெயரை ஆண்டவனே அறிவான் என்று எழுதியிருக்கிறது.