அம்மம்மா இருக்கிற வீடு

(‘முகாம் குடும்பங்களில் தாத்தா பாட்டி உடனிருப்பது பிள்ளைகளின் உடல்நலத்துக்குத் துணையே! சுமையே!’ என்ற தலைப்பில் விருத்தாசலத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘துணையே’ அணியின் நிறைவுப் பேச்சு.)

எங்களைத் தாக்குவதற்கென்றே விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு ஒரே ஆச்சரியம் நடுவர் அவர்களே. இந்த ஊருக்குப் பழைய பெயர் முதுகுன்றம். பழமலை. வடமொழியில் விருத்தாசலம். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், கிழட்டு மலை. மலையே கிழம் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிற ஊரிலே வந்து நின்று, ‘கிழவன் கிழவி சுமை’ என்று பேசுவதற்கு எதிரணிக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தங்கை இந்த ஊர்க் கோயில் கதையையே எடுத்து எங்கள் மேல் வீசினார். குரு நமசிவாயர் பசியோடு இங்கே வந்தார். அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டார். அம்மன் கிழவியாகவே வந்து, ‘கிழவி எப்படியப்பா சோறு சுமந்து வருவாள்?’ என்று கேட்டாளாம். அவர் இளையவளாக மாற்றிப் பாடினார், இளையவளாக வந்து சோறு போட்டாள். ‘பார்த்தீர்களா, கிழவியால் முடியாது என்று அம்மனே ஒத்துக்கொண்டாள்’ என்கிறார் தங்கை. சரிம்மா. பிறகு ஊர் என்ன செய்தது? விருத்தாம்பிகையை எடுத்துவிட்டுப் பாலாம்பிகையை வைத்ததா? இரண்டு பேருக்கும் அல்லவா சந்நிதி வைத்தது! கிழவிக்கு நடக்க முடியாது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பசிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். (கைதட்டல்)

இனி விஷயத்துக்கு வருகிறேன். யாருடைய வீட்டைப் பற்றிப் பேசுகிறோம்? 1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னாலே இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள், 1989க்குப் பின் வந்தவர்கள், 1996இல் வந்தவர்கள், 2006க்குப் பின் கடைசிப் போரில் வந்தவர்கள் என்று எல்லோரையும் கூட்டினால் ஏறத்தாழ 3 லட்சம் பேர். பல பேர் திரும்பிப் போனார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கிலே தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். இந்தக் கடலூர் மாவட்டத்திலும் முகாம் உண்டு. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை அந்த ஆண்டுதான் அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லது. சுவரும் மாற வேண்டும் என்று 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தது.

பழைய வீடு எப்படி? பத்தடிக்குப் பத்தடி. சமையல், படிப்பு, தூக்கம், பிரசவித்தவள் படுக்கை எல்லாம் அதற்குள்ளே. நடுவில் ஒரு சேலையைக் கட்டினால் அதுதான் சுவர். ‘இந்தப் பத்தடிக்குள் ஒரு கிழவியும் இருந்தால் பிள்ளைக்குக் காற்று எங்கே?’ என்று கேட்டார் எதிரணித் தலைவர். நியாயமான கேள்வி. ஆனால் ஐயா, வீடு சின்னதாகப் போனதற்குக் கிழவியா பொறுப்பு? வீட்டைப் பெரிதாக்கு என்று கேட்க வேண்டிய இடத்தில் ஆளைக் குறை என்று கேட்கிறீர்களே!

சுமை என்கிறார்கள், கணக்கே பார்த்துவிடுவோம். முகாமில் குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500 என்று 2021 ஆகஸ்டில் உயர்த்தி அறிவித்தார்கள். அந்த அம்மம்மா தன் ஆயிரத்தைத் தானே கொண்டுதான் வருகிறாள். அரிசியும் அவள் பங்குக்கு வருகிறது. அவள் சாப்பிடுவது எவ்வளவு? காலையில் ஒரு தேத்தண்ணி, மத்தியானம் ஒரு பிடி. மிச்சம் யார் வயிற்றுக்குப் போகிறது என்று பேரப்பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தால் தெரியும்! (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். மருத்துவம் தெரியாது. ஆனால் படிக்கத் தெரியும். 1971இலே வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கானவர்கள் மேற்கு வங்காளத்துக்குள் அகதிகளாக ஓடி வந்தார்கள். பன்காவ் என்கிற இடத்து முகாமிலே காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனது. ஏற்றுவதற்கு ஆளும் இல்லை. டாக்டர் திலீப் மகலனபிஸ் என்ன செய்தார்? உப்பு, குளுக்கோஸ், சோடா மாவு மூன்றையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, பீப்பாயில் ஊற்றி வைத்தார். கொடுத்தது யார்? நர்ஸ் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள்! நூற்றுக்கு 30 பேர் என்று செத்துக்கொண்டிருந்த இடத்திலே சாவு 4க்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க ஓ.ஆர்.எஸ். என்று குடிக்கிறோமே, அதன் பெருமையை உலகத்துக்குக் காட்டியது ஓர் அகதி முகாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒரு வாய், இன்னொரு வாய் என்று ராத்திரி முழுக்க ஊட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் வீட்டிலே இருக்கிறவள்தான் நடுவர் அவர்களே. அந்த மருத்துவருக்கு 2023இல், மறைந்த பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ஊட்டின கிழவிகளுக்கு யார் விருது கொடுப்பது? (பலத்த கைதட்டல்)

அடுத்து ஒரு சங்கதி சொல்கிறேன், மாமியார்கள் என் மேல் கோபப்படக் கூடாது. ஆப்பிரிக்காவிலே காம்பியா நாடு. 4 கிராமங்களில் 1950 முதல் 1974 வரை பிள்ளைகளை எடை போட்டு, யார் பிழைத்தது, யார் போனது என்று பதிந்து வைத்திருந்த ஏடுகளை ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வீட்டில் யார் உயிரோடு இருந்தால் பிள்ளை பிழைக்கிறது? முதலிலே தாய். அது தெரிந்ததுதான். அடுத்து யார்? தாயைப் பெற்ற பாட்டி! அதிலும் பால் மறக்கடிக்கிற வயதிலேதான் அவள் இருப்பதன் பலன் நன்றாகத் தெரிந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி? பெரிதாக வித்தியாசம் இல்லை. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. அப்பா? அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கிலே பெரிய மாற்றம் இல்லையாம்! (பலத்த சிரிப்பு) நடுவர் ஐயா முகம் வாடுகிறது. இது காம்பியாக் கணக்கு ஐயா, நம்ம ஊர்க் கணக்கு அல்ல. தைரியமாக இருங்கள்.

‘பாட்டி வளர்த்தால் பிள்ளை குண்டாகிறது’ என்றார் தங்கை. பிரிட்டனிலே 2010இல் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. அவர் பாதிப் பக்கம் படித்தார், மீதியை நான் படிக்கிறேன். சொந்தக்காரர் பொறுப்பில் விட்ட பிள்ளைகளிடம் உடல் பருமன் கூடியது வசதியான வீடுகளில்தான். இல்லாத வீட்டில் அப்படித் தெரியவில்லை. இருக்கிற வீட்டிலே பாட்டி இரண்டாவது ஐஸ்கிரீம் தருகிறாள். முகாம் வீட்டிலே பாட்டி தருவது முதல் சோறு.

நான் பாடம் நடத்திய ஒரு மாணவி முகாமிலிருந்து வந்தவள். அப்பா பெயிண்ட் அடிக்கிற வேலை. அம்மா சித்தாள். இரண்டு பேரும் காலை 7 மணிக்கு வெளியேறினால் இருட்டித்தான் திரும்புவார்கள். அந்த வீட்டிலே ஓர் அம்மம்மா. ரேஷன் அரிசியை ஊறவைத்து இடித்துப் புட்டு அவிப்பாள். முகாம் வேலியோரம் இருக்கிற முருங்கையிலே இலை உருவித் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்வாள். குழாயில் வந்த தண்ணியை யாரும் அப்படியே குடிக்கக் கூடாது, ‘கொதிச்சாறின தண்ணிதான் குடிக்க வேணும்’ என்று குடத்துக்குப் பக்கத்திலேயே காவல் இருப்பாள். அந்த அம்மம்மா ஒரு மழைக்காலத்திலே காலமாகிவிட்டார். ஆறு மாதம் கழித்து, இரண்டாம் வகுப்புப் படிக்கிற தம்பி பள்ளிக்கூடத்துப் பிரேயரிலே மயங்கி விழுந்தான். ஏன் என்று விசாரித்தால், காலையிலே வெறும் டீயும் ஒரு பன்னும், சில நாள் அதுவும் இல்லை. அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: “ஐயா, அம்மம்மா செத்த பிறகுதான் எங்கட வீட்டில காலைச் சாப்பாடு எப்பிடி வந்தது எண்டு விளங்கினது.”

(அரங்கில் அமைதி)

அந்தப் பெண்ணாவது அம்மம்மாவோடு இருந்தாள். பல குடும்பங்களில் படகேறும்போதே பெரியவர்கள் வரவில்லை. ‘நீங்கள் பிள்ளைகளைக் கொண்டு போங்கோ, நாங்கள் வீட்டைப் பார்க்கிறம்’ என்று மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நின்றுவிட்டார்கள். அப்படி வந்த இளம் தாய்க்கு இங்கே முதல் பிரசவம் என்றால், சரக்குக் கறி வைத்துக் கொடுப்பது யார்? பிள்ளை ஏன் அழுகிறது என்று சொல்வது யார்? ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இல் சந்திரகாசன் அவர்கள் தொடங்கியது. சத்துக் குறைந்த பிள்ளைகளுக்காகச் சுருள்பாசியையே வளர்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நல்ல காரியம். ஆனால் பச்சைப் பசேலென்று இருக்கிற அந்தப் பொடியை, ‘நிலாவிலே இருந்து வந்த மா’ என்று கதை விட்டு வாயிலே போடுவதற்கு வேறு ஒரு படிப்பு வேண்டும். அது நம் பல்கலைக்கழகங்களில் இல்லை. (சிரிப்பு)

எல்லாக் கிழவியும் தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொல்கிற பாட்டி உண்டு. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிற பாட்டி உண்டு. வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணியே கொடுக்காதே என்கிற பாட்டியும் உண்டு, அது ஆளைக் கொல்லும். இருமுகிற தாத்தா சளியைச் சோதிக்காமல் அந்தப் பத்தடிக்குள் பேரனைக் கட்டிக்கொண்டு படுத்தால் காசநோய் பேரனுக்கும் வரும். சுருட்டுப் புகை வேறு. எதிரணி சொன்ன இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் தாத்தாவை அனுப்புவதற்குக் காரணமா, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குக் காரணமா? சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்தும் இலவசம். அதே பாட்டிதான் கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுக்கவும் தெரிந்தவள். அரிசிக் கஞ்சி உப்புக் கரைசல் நல்ல மருந்து என்று பிற்பாடு வங்கதேசத்து ஆராய்ச்சிக்கூடம் சொன்னது.

இன்னொன்று, இது எங்கள் அணிக்கே சொல்கிறேன். இந்த ஊர்க் களிமண் பொம்மை எப்படிச் செய்கிறார்கள் என்று தொழிற்பேட்டையிலே பார்த்தேன். பிளாஸ்டர் அச்சிலே களிமண் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணியை உறிஞ்சிக்கொள்கிறது, மண் பொம்மையாக நிற்கிறது. ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் அச்சு ஊறிப்போகும், அப்புறம் உறிஞ்சாது, பொம்மை கிழியும். வெயிலிலே காய வைக்க வேண்டும். ஒரு கிழவியின் தலையிலே மூன்று மகள்களின் ஏழு பிள்ளைகளையும் கட்டிவிட்டு, துணை, துணை என்று கைதட்டக் கூடாது ஐயா. அவளுக்கு முட்டி வலி, சர்க்கரை, கண் புரை. கொண்டுவந்த துக்கம் வேறு. அதையும் பார்க்கிற ஆள் வேண்டும்.

நடுவர் மணியைத் தொடுகிறார். அரை நிமிஷம் ஐயா. செனகல் நாட்டிலே 1990களின் கடைசியில், பிள்ளை வளர்ப்புப் பாடத்தை இளம் தாய்மாரிடம் மட்டும் சொல்லாமல், பாட்டிமாரையும் கூட்டி வைத்து, பாட்டும் கதையுமாகப் பேசினார்கள். பாட்டிமாரைச் சேர்த்த ஊர்களில்தான் பழக்கம் அதிகமாக மாறியது. நம் அங்கன்வாடியில் எடை போடுகிற நாளிலே அம்மா வரவேண்டும் என்கிறோம். அம்மா சாரத்திலே செங்கல் சுமந்துகொண்டிருக்கிறாள். பிள்ளையை இடுப்பிலே வைத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பது அம்மம்மா. தராசு முள் எங்கே நிற்கிறது, அட்டையிலே கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, அதை அவள் கையிலே கொடுத்து, அவளை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

(கைதட்டல்)