ஏணியும் மின்கம்பியும்
(அலோர் ஸ்டார் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டுகிறவர்களிடம் கட்டட வேலையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலந்தொட்டு, தோட்டத்தை விட்டு அலோர் ஸ்டாருக்கும் சுங்கை பட்டாணிக்கும் கட்டட வேலை தேடிப் போன நம் பிள்ளைகள் கொஞ்சமா? காலையில் வெட்டு முடித்து, மாலையில் சாயமடிக்கப் போகிறவர்களும் நம்மில் உண்டு.

ஏணி நாலடி உயரத்தில் சாய்ந்தால் அடிப்பாகம் சுவரைவிட்டு ஓரடி தள்ளி நிற்க வேண்டும். 16 அடிக்கு 4 அடி. உடம்பை வளைத்து எட்டாத இடத்தை எட்டும்போதுதான் ஏணி சரிகிறது. இறங்கி அதை நகர்த்த இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் மண்டோர் முகம் சுளிக்கிறார்!

மின்கம்பியோ இன்னும் பொல்லாதது. தோட்டத்து ஓரமாய்ப் போகும் கம்பியில் 11,000 வோல்ட், 33,000 வோல்ட் ஓடுகிறது. குருவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தரையைத் தொடவில்லை, நாம் தொட்டு நிற்கிறோம். கம்பியில் முட்ட வேண்டும் என்பதில்லை, மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும். அலுமினிய ஏணியும், செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கம்பும் இந்த வகையில் ஒன்றே. அடிபட்டவரைக் கையால் இழுக்காதீர்கள், இழுத்தவரும் போவார். அருகே யாரையும் விடாமல், 999-க்கும் மின்வாரியத்தின் 15454-க்கும் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. கடமை தவறிய முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. குத்தகைக்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு மூல முதலாளி ஒதுங்கவும் இடமில்லை. முதலாளிமார் இதை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கிராணிமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். பெயர், நேரம், உயரம், கம்பி எவ்வளவு தூரத்தில் இருந்தது, பார்த்தவர் யார் என்பதையெல்லாம் அன்றே எழுதி வையுங்கள். அடுத்த வாரம் கேட்டால் ஏணியும் இருக்காது, பார்த்தவரும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.